பாட்டியின் ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊரில் ஒரு பாட்டி. மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்போனை முந்தானையில் முடிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். போன் வந்தால், "நல்லா இருக்கேம்பா, நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. மகன் கேட்டது வேறு ஏதோ. பாட்டிக்குக் காது மந்தம்.

வயசானால் அப்படித்தான் என்று நாம் விட்டுவிடுகிறோம். காது கேளாதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குவார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார். அப்புறம் கல்யாணத்துக்கே போகமாட்டார். தனிமை மனச்சோர்வில் கொண்டுபோய் விடும். மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் காது கேளாமையை 2017-லேயே லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சேர்த்திருக்கிறது.

கிராமத்துப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பெல்லாம் வலிக்குது, சோறு இறங்கலை, தூக்கம் வரலை" என்பார்கள். நாமும் ஓர் ஊசி போட்டுக் கூட்டி வந்துவிடுகிறோம். உள்ளே இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனிலேயே பேச, 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவை இருக்கிறது. எண் 14416, கட்டணமில்லை. முதியோருக்கென்றே உள்ள உதவி எண் 14567.

பாட்டிக்குக் காது மெஷின் வந்துவிட்டது. முதல் வாரம், பாத்திரச் சத்தம் தாங்கவில்லை என்று கழற்றி வைத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், பேரன் கணக்கில் ஏன் மார்க் குறைந்தான் என்று மகனைக் கேள்வி கேட்கிறார்.