சித்திரையில் ஊர் திரும்பினோம்



வெளிநாடு சென்று திரும்பியவர்கள் வானொலியில் பேச வந்தால், அங்கே கண்ட மாட மாளிகைகளை வருணிப்பதே வழக்கம். நான் அவற்றைப் பற்றிச் சிறிதளவே பேசுவேன். திரும்பி வந்தபின் எங்கள் ஊரிலே கண்டவற்றையும், அங்கிருந்து நான் சுமந்து வந்த ஒரு கடமையையும் பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

எனது ஊர் ஓட்டமாவடி. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்திலே, வாழைச்சேனை வாவியின் கரையில் அமைந்தது. எங்கள் பகுதியில் வெளிநாட்டு விடுமுறை என்பதன் பொருளே வேறு. ஓய்வை நாடிக் கடல் கடப்போர் இங்கே மிகச் சிலர். உழைக்கச் சென்ற தந்தையைப் பிள்ளைகள் போய்ப் பார்த்து வருவதே எங்களுக்கு விடுமுறை. என் மருமகன் கத்தார் நாட்டின் தலைநகரான தோஹாவிலே 9 ஆண்டுகளாகத் தொழில் புரிகிறார். இவ்வாண்டு அவர் அழைக்கவே, மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் நானும் என் மனைவியும் மூன்று வாரம் அங்கே தங்கினோம். முதலாந் தவணை முடியச் சில நாட்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டோம். இப்படிச் செய்யும் பெற்றோரை ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் கடிந்துகொண்டவன் நான் என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

தோஹாவில் என் மனத்தில் நின்றது தேசிய நூதனசாலை. 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடம், பாலை மணலிலே உருவாகும் ‘மணல் ரோஜா’ எனும் படிகத்தின் வடிவில் எழுப்பப்பட்டது. எண்ணெய் காணுமுன்னர் அந்நாட்டார் முத்துக்குளித்தே வயிறு வளர்த்தனர். 1930ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அத்தொழிலை வீழ்த்தின. குளியாளர் காலிற் கட்டி இறங்கும் கல்லைப் பேரனுக்குக் காட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அராபியக் குளியாளர்கள் நமது மன்னார்க் கடலுக்கும் வந்து, மறிச்சுக்கட்டிக் கரையில் தங்கி முத்தெடுத்தார்கள் என்று கூறினேன். அன்று அவர்கள் இங்கே வந்தார்கள். இன்று நாம் அங்கே போகிறோம். “அவர்களுடைய பிள்ளைகளும் வாப்பாவைப் பார்க்க மன்னாருக்கு வந்தார்களா, மூத்தாப்பா?” என்று அவன் கேட்டான். அருகில் நின்ற என் மருமகன் முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில், வேலைக்கு வந்த நம்மவர் பலர் கடற்கரை வீதியில் கூடுவர். அங்கே மேல் மாகாணத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரைச் சந்தித்தேன். “சேர், நீங்கள் எந்த ஊர்?” என்றார். ஓட்டமாவடி என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “என் உம்மா உங்கள் ஊரிலேதான் இருக்கிறா” என்றார்.

நேயர்களிற் பலருக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். கொரோனா நோயினால் இறந்தோரின் உடல்களைத் தகனமே செய்ய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்நாட்டிலே கட்டளை பிறந்தது. அடக்கம் செய்வதும் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், கட்டளை ஏறத்தாழப் பத்து மாதம் நின்றது. 2021 பெப்ரவரி இறுதியில் அது தளர்ந்தபோது, நாடு முழுவதற்கும் இடமாகக் குறிக்கப்பட்டது எங்கள் ஊரின் மஜ்மா நகர். அவ்வாண்டு மார்ச் 5ஆந் தேதி முதல் ஓராண்டு வரை 3,600க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களோடு உறங்குகின்றனர். அக்கட்டளைக்காக அரசாங்கம் 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. காலங்கடந்த மன்னிப்பு, எனினும் கேட்காமல் விட்டதினும் நன்று.

உடல்களை ஏற்றிய வாகனங்கள் எங்கள் ஊரைக் கடந்து சென்றதை நான் வாசலில் நின்று கண்டவன். அவ்வாகனம் ஒன்றிலே அந்த இளைஞரின் தாயாரும் வந்திருக்கிறார். மகனுக்கோ அப்போது நாடு திரும்ப வழியில்லை. அதன்பின் கிடைத்த ஒரே விடுமுறையிலும் தங்கையின் திருமணம் நாட்களை விழுங்கிவிட்டது. கபுறின் வரிசையையும் இலக்கத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் கையில் வைத்தார். “ஊருக்குப் போனதும் ஒரு ஸலாம் சொல்லிவிடுங்கள், சேர்” என்றார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்னர் கட்டுநாயக்காவில் இறங்கினோம். ஹபரணையில் இருள், பொலன்னறுவையிலும் இருள், மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்தது. புனானையைத் தாண்டியதும் பேரன் யன்னல் கண்ணாடியை இறக்கினான். மூன்று வாரம் குளிரூட்டியின் காற்றையே சுவாசித்த எங்களுக்கு அந்தக் காலைக் காற்று புதிதாயிருந்தது.

இளவேனில் என்றவுடன் புலவர்கள் தென்றலையும் மல்லிகையையும் பேசுவார்கள். எங்கள் ஊர் இளவேனிலுக்கு வேறு மணம் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்து வட்டைகளிலே தாளடி காய்ந்து கிடக்கும். அதிலே எருமைகள் மேயும். மரமுந்திரிப் பழம் விழுந்து நொதிக்கும் மணம் வேலி தாண்டி வரும். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, உடலை வறுக்கும் கச்சான் காற்று இன்னும் எழவில்லை. இரண்டுக்கும் இடையில் இந்தச் சில வாரங்களே எங்களுக்கு வசந்தம். வைகறையில் பள்ளிவாசலின் பாங்கோசை, அடுத்துக் குயில், அதையும் அடுத்து, பாண் விற்கும் முச்சக்கர வண்டி பீத்தோவனின் இசைத்துண்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு வரும். அந்த ஜெர்மானிய இசைமேதை எங்கள் ஒழுங்கையில் பாண்காரராகவே அறியப்படுகிறார்.

பேரனுக்கு முதல் வேலை, பாலத்தடிக்குப் போவது. 1928ஆம் ஆண்டு மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதை வாவியைக் கடக்கும் பழைய இரும்புப் பாலம் அது. என் இளமையில் புகையிரதமும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் அந்த ஒரே பாலத்தின் வழியே சென்றன. புகையிரதம் வருமானால் மற்றவை காத்து நிற்கும். இன்று வாகனங்களுக்குத் தனிப் பாலம் உண்டு. அதன் கீழே வீச்சுவலை எறிவோரைப் பேரன் கைத்தொலைபேசியிலே தோஹாவுக்குக் காட்டினான். மருமகனின் விடுமுறை எப்போதும் மாரியில்தான் வாய்க்கும். சித்திரையில் வாவி இப்படித் தெளிந்து கிடப்பதை அவர் கண்டு 9 ஆண்டுகளாயின. “தண்ணீரைக் காட்டு மகன், மீன் வேண்டாம்” என்று அவர் கூறியது எனக்கும் கேட்டது.

புத்தாண்டன்று வாழைச்சேனையிலிருந்து என் பழைய சக ஆசிரியர் முறுக்கும் அரியதரமும் அனுப்பினார். அதே பாத்திரத்தை வெறுமையாய் அனுப்பாமல் பேரீச்சம்பழம் நிரப்பி அனுப்பினாள் என் மனைவி. 1990ஆம் ஆண்டையொட்டிய கொடிய காலத்தில் அப்பாத்திரம் பாலத்தைக் கடக்கவில்லை. இப்போது ஆண்டுக்கு இரு முறை கடக்கிறது: சித்திரையில் இப்பக்கம், பெருநாளில் அப்பக்கம்.

அதற்கு மறுநாள், பேரனையும் அழைத்துக்கொண்டு மஜ்மா நகர் சென்றேன். உண்மையைச் சொல்வதானால், ஊரிலேயே வாழும் நான் அங்கே போய் மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தூர ஊர்களிலிருந்து மக்கள் வந்து போகிறார்கள். அருகிலிருப்பவனுக்கு நாளை போகலாம் என்ற நினைப்பு.

செம்மண் வெயிலில் சுட்டது. துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேரனே இலக்கத்தைக் கண்டுபிடித்தான். ஸலாம் சொல்லி, துஆ ஓதி முடித்த பின் அந்த இளைஞருக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் வேலைத்தலத்தில் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார். முதலில் அழுவார் என்று எண்ணினேன், அழவில்லை. கருவியை இருபுறமும் திருப்பச் சொன்னார். திருப்பினேன், வரிசை வரிசையாகக் கபுறுகளே தெரிந்தன. வெகுநேரங் கழித்து, “அங்கே நிழல் இருக்கிறதா, சேர்?” என்று கேட்டார்.

உம்மாவின் பக்கத்தில் நிழல் இல்லை. இல்லையென்றே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் வளவுக்குள் இறங்கி, கிணற்றடியில் தானாய் முளைத்திருந்த வேப்பங்கன்று ஒன்றைத் தோண்டத் தொடங்கினான். நட அனுமதி கேட்க வேண்டும். அதுவுமன்றி இந்த வெயிலுக்கு அது ஒரு வாரமும் தாங்காது. ஐப்பசி மழை விழட்டும் என்று கூறித் தடுத்து வைத்திருக்கிறேன். கன்றைச் சுற்றி ஆடு கடிக்காதபடி அவன் முள்ளடைத்துவிட்டான்.