ஓடுவது, நடப்பது, நிற்பது: ஒரு சொல்லும் பல பொருளும்

(மூக்கண்டப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் நடுவே நின்று பேசுவதால், இங்கே நாள் முழுதும் காதில் விழும் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இதன் வினைவடிவத்தை மட்டும் ஆராய்ந்தவர் பீட்டர் கில்லிவர். ஒன்பது மாத உழைப்பில் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைப் புரட்டினால் முதலில் நிற்பது ‘ஓடு’. அது பிழையில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிழை.

தமிழின் ‘ஓடு’ம் லேசுப்பட்டதல்ல. பஸ் ஓடுகிறது, தறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. ஓசூரில் செய்த டைட்டன் கடிகாரமும் ஓடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும் எல்லா இடத்துக்கும் நம் ‘ஓடு’ போவதில்லை. சளி பிடித்தால் மூக்கு ஒழுகும். துவைத்த சேலையில் சாயம் போகும். கடையை நடத்துவோம். அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ஓடுகிற’ வேட்பாளர் நம் ஊரில் நிற்கிறார். பக்கத்து அத்திப்பள்ளியில் கன்னடத்தில் கேட்டாலும் நிற்கத்தான் செய்கிறார்.

இதைக் கம்போடியாவின் கெமர் மொழியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த மொழியின் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. ஆனால் மொழிக்குடும்பம் முற்றிலும் வேறு. அங்கே மனிதன் ஓடினால் ‘ருஅத்’. ஆற்று நீர் ஓடினால் ‘ஹோ’. நிறுவனத்தை நடத்துவதற்கு ‘க்ருப்க்ரோங்’. தேர்தலில் போட்டியிடுவதற்கு ‘சோ ச்மோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பெயர் நிற்பது’. வேட்பாளரைப் பொறுத்தவரை தமிழனும் கெமர்க்காரரும் ஒரே கட்சி. இயந்திரத்தில்தான் பிரிகிறோம். நமக்கு மெஷின் ஓடுகிறது. அவர்களுக்கு அது ‘டா’, அதாவது நடக்கிறது. வியக்க வேண்டாம். இதே தொழிற்பேட்டையில் தெலுங்கு பேசும் தோழருக்கும் மெஷின் நடக்கிறது. வடக்கிலிருந்து வந்த இந்திக்காரருக்கு அது ‘சல் ரஹீ ஹை’. ஒரே லைனில், ஒரே மெஷின் முன்னால் நாலு மொழிக்காரர்கள் நிற்கிறார்கள். ஆளுக்கொரு வினை சொன்னாலும் வேலை பிசகுவதில்லை. எல்லோரும் சொல்லைப் பார்க்காமல் மெஷினைப் பார்க்கிறார்கள் என்பதே காரணம்.

சொல்லை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது ‘ரன் அவுட்’. லேத்தில் ஜாபைப் பிடித்து, டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றுகிறோம். ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். முள் ஐந்து கோடு போய்த் திரும்பினால் ரன் அவுட் 0.05. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் அதே ஆள் கிரீஸுக்கு வராமல் ரன் அவுட் ஆகிறார். எந்த ஆபரேட்டரும் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. லேத்தில் வருவதை நம் ஆட்கள் ‘ஆட்டம்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது ‘ட்ரை ரன்’. இங்கே எச்சரிக்கை வேண்டும். சிஎன்சி மெஷினில் புதிய புரோகிராம் ஏற்றியதும், வெட்டு எடுக்காமல் டூலை வெறுமனே நகர்த்திப் பார்க்கிறோம். அது கட்டாயம் செய்ய வேண்டியது. தண்ணீர் பம்பிலும் ‘ட்ரை ரன்’ உண்டு: உள்ளே நீரில்லாமல் மோட்டார் சுற்றுவது. சீல் கருகிப் பம்பு வீணாகும். அது ஒருபோதும் கூடாதது. ஒரே சொல், ஒரு பலகையில் ‘செய்’, இன்னொரு பலகையில் ‘செய்யாதே’. இரண்டுக்கும் ‘உலர் ஓட்டம்’ என்று எழுதி ஒட்டினால், புதிதாகச் சேர்ந்த பையன் எதைச் செய்வான்? முதலாவதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத்தேரை உற்சவத்துக்கு முன் இழுத்துப் பார்ப்பதற்குச் சொல்வது. சந்திரசூடேசுவரர் தேரைப் பார்த்து வளர்ந்த ஓசூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘தண்ணீரில்லாமல் ஓடுவது’ போதும். விவசாயி அப்படித்தான் சொல்கிறார்.

கலைச்சொல் வேலைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. ஓசூருக்கு அருகில் இருக்கும் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916-இல் அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம் எனத் துறைவாரியாகச் சொல் தேடியது அந்த முயற்சி. அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி 1960-களில் வந்தது. இவையெல்லாம் படித்தவர்கள் மேசையில் அமர்ந்து செய்த பெரும்பணி. பட்டறைக்கு அது மட்டும் போதாது. மேசையில் பட்டியல் ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது. பட்டறையில் அது வேலையில் தொடங்க வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இது. இந்த அறக்கட்டளை ஒரு சிறு கையேடு தயாரிக்கட்டும். அகர வரிசை வேண்டாம். ஜாப் பிடிப்பது, வெட்டுவது, அளப்பது, பழுது பார்ப்பது என்று வேலை வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஆட்கள் வாயால் சொல்லும் ஒரு முழு வாக்கியம் தமிழில். அதன் கீழே கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா. எழுதுபவர் பேராசிரியராக இருக்கலாம். சரிபார்ப்பவர் அந்த மெஷினில் நிற்கும் ஆபரேட்டராகத்தான் இருக்க வேண்டும். அவர் படித்துவிட்டு “இப்படி யாரும் சொல்றதில்லைங்க” என்றால், அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.