கிளை வெட்டும் கூலியும் மரமேறும் தொழிலாளியின் உயிரும்

(அம்பத்தூரில் குடியிருப்பு மக்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அம்பத்தூரில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்று உண்டு. "கூரைமேல் சாய்ந்து நிற்கிறதே அந்தக் கிளை, அதை வெட்ட எவ்வளவு கேட்பார்கள்?" என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் பணத்தைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கிளைமேல் ஏறுகிற மனிதன் பத்திரமாக இறங்கி வருவானா? இரண்டையும் சேர்த்துத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

இது அற்ப விஷயம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசியது. நகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2022 ஜூன் மாதத்தில் கே.கே. நகரில் புயலும் இல்லாமல் ஒரு பெரிய மரம் கார் மீது விழுந்தது. காரில் சென்ற வங்கி மேலாளரான ஒரு பெண்மணி மாண்டுபோனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தொழிற்பேட்டையே வெள்ளக்காடாக நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். ஊறிய மண்ணில் வேரின் பிடி தளரும். அப்போது பாரம் மிகுந்த கிளையே மரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

அப்படியானால் மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளலாமா? கூடாது! வெயிலில் வெந்து கிடக்கும் இந்தத் தொழிற்சாலைப் பூமியில் பஸ்ஸுக்கு நிற்பவனுக்கும், தள்ளுவண்டிக்காரனுக்கும், ஷிப்டு முடிந்து நடந்து வருபவனுக்கும் கிடைக்கிற நிழல் அந்த மரங்கள் தருவது. மரம் இருக்கவேண்டும், ஆபத்தான கிளை போகவேண்டும். அதை முறையோடு, உயிர்ச்சேதமில்லாமல் செய்யவேண்டும்.

முதலில் பாரத்தைப் பாருங்கள். ஓர் அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள கிளையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறக்குறைய 8 கன அடி. பச்சை மரம் ஒரு கன அடிக்குச் சுமார் 25 கிலோ இருக்கும். ஆக மொத்தம் 200 கிலோ, அதாவது நாலு சிமெண்டு மூட்டை! இலையும் சிறு கொப்பும் தனிக் கணக்கு. இந்த நாலு மூட்டை 20 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும். ஓட்டுக்கூரை தாங்குமா? கீழே நிற்கும் மனிதன் தாங்குவானா?

இனிச் செலவைக் கவனிப்போம். இப்படிப்பட்ட வேலைக்கு மரத்தின்மேல் ஒருவர், கயிறு பிடித்துக் கிளையை இறக்க இருவர், தெருவில் ஆட்களையும் வண்டிகளையும் நிறுத்த ஒருவர் என நாலு பேர் வேண்டும். கணக்குக்காக, தலைக்கு 1,200 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 4,800 ரூபாய் ஆகிறது. வெட்டியதை அள்ளிச்செல்லும் வண்டிக்கு 1,500 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 6,300 ரூபாய். இப்போது ஒருவர் வந்து, "4,000 கொடுங்கள், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன்" என்கிறார். நமக்குச் சந்தோஷம், 2,300 ரூபாய் மிச்சம் என்று எண்ணுகிறோம். அந்த 2,300 எங்கிருந்து வந்தது? வண்டி வாடகை குறையவில்லை. மரம் சிறுத்துவிடவில்லை. கீழே நிற்கவேண்டிய இரண்டு ஆட்களின் கூலிதான் மறைந்துபோயிற்று. அவர்கள் இல்லாமல் வெட்டுகிற ஆபத்து முழுவதும் மேலே இருக்கும் ஒற்றை மனிதன் தலையில் ஏறியது. மலிவு என்று நாம் சொல்வது அவனுடைய உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்த மலிவு!

மரத்துக்கு விலை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. வேம்பு, மா, பூவரசு என்றால் காண்டிராக்டர் விறகை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைத்துச் சொல்வார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விறகில்தான் அவருக்கு லாபம் என்னும்போது, இரண்டு கிளை போதும் என்ற இடத்தில் நாலு கிளையை வெட்டுவார். "மரமே ஆபத்துங்க, அடியோடு எடுத்துடலாம்" என்று யோசனையும் சொல்வார். ஆகவே எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு, விறகு யாருக்கு, அள்ளும் செலவு யாருக்கு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்கவேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. நம் தெருவில் கிளை வெட்ட வருகிறவர் எப்படி வருகிறார்? பெரும்பாலும் வெறுங்காலுடன் வருகிறார். இடுப்பில் அரிவாள், தோளில் ஒரு பழைய கயிறு, தலையில் துண்டு. முருங்கையை நம்பி ஏறாதே என்பது கிராமத்துக் கிழவிக்கும் தெரியும். அது பட்டென்று முறியும். ஆனால் உள்ளே செல்லரித்த தூங்குமூஞ்சிக் கிளையும், பொந்து விழுந்த குல்மோஹர் கிளையும் வெளிப்பார்வைக்குத் திடமாகத்தான் இருக்கும். காளான் பூத்திருக்கிறதா, பட்டை வெடித்திருக்கிறதா, தட்டினால் பொத்தல் ஓசை கேட்கிறதா என்று பார்த்த பிறகே ஏறவேண்டும். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார், அதைத் திடமான கிளையில் கட்ட நல்ல கயிறு, தலைக்கவசம், கண்ணாடி ஆகியவை கட்டாயம் வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் வாங்கக்கூடிய சாமான்கள் இவை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1998-லேயே வனத் தொழிலின் பாதுகாப்புக்கென்று நடைமுறை விதிகளை வெளியிட்டது. பயிற்சியும் கவசமும் இல்லாமல் இப்படிப்பட்ட வேலையில் ஆளை இறக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

மின்கம்பி இன்னொரு எமன். நம் பகுதியில் பல தெருக்களில் கம்பிகள் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன. பிரதான பாதைகளில் 11,000 வோல்ட். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்; கையால் கம்பியைத் தொடவேண்டியதில்லை, கிளை தொட்டாலே போதும். "பியூஸைப் பிடுங்கிவிட்டேன்" என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பி ஏறக்கூடாது. அது வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைத்தான் நிறுத்தும், தெருக்கம்பியை அல்ல. மின்வாரிய ஊழியர் வந்து லைனை நிறுத்தி உறுதி சொன்ன பிறகே அரிவாளைத் தொடவேண்டும். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் மின்சாரம் தவறான இணைப்பு வழியாகக் கம்பிக்குத் திரும்பிப் பாயக்கூடும். அதையும் நிறுத்தச் சொல்லவேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இதை எல்லா வீட்டிலும் எழுதி வையுங்கள்.

வெட்டுகிற முறையும் தெரிந்திருக்கவேண்டும். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் பாதியில் கிளை முறிந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுக்கவேண்டும். அந்தத் தடிப்பை வெட்டிவிட்டால் காயம் ஆறாது. தாரும் பெயிண்டும் பூசினால் அழுகல் நிற்கும் என்பது தவறு என்று அமெரிக்க வன விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ பல ஆண்டு ஆராய்ச்சியில் காட்டினார். மரத்தை மொட்டையடிப்பதும் தவறு. மொட்டையடித்த இடத்தில் நாலு பக்கமும் துளிர்த்து வரும் கொம்புகளுக்குப் பிடிமானம் கிடையாது. சில வருஷத்தில் அவையே முறிந்து விழும். இன்று செய்த செலவை மறுபடி செய்யவேண்டி வரும்.

தோழர்களே! விபத்து நடந்துவிட்டால் பொறுப்பு யாருக்கு? வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தரவேண்டும் என்பது 1923-லேயே சட்டமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று போகிற தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவர் விழுந்தால் காண்டிராக்டர் வீட்டுக்காரரைக் காட்டுவார். வீட்டுக்காரர் காண்டிராக்டரைக் காட்டுவார். நடுவில் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. அதன் கீழ் நல வாரியங்கள் உள்ளன. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். விபத்தில் இறந்தாலும் ஊனமுற்றாலும் வாரியத்தின் உதவி உண்டு. பதிவு அட்டை இருக்கிறதா என்று வருகிறவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள். ஒரு டம்ளர் மோர் கொடுப்பது மனிதாபிமானம். அட்டை வாங்கிக் கொடுப்பது அதைவிடப் பெரியது.

நாம் செய்யவேண்டியது என்ன? தெருவோர மரம் மாநகராட்சியின் பொறுப்பு. அனுமதியில்லாமல் அதை யாரும் வெட்டக்கூடாது; அதற்காக நம் பையிலிருந்து பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை. 2011 முதல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் புகார் மேஜைமேல் தூங்கினால், தெருவே கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்துக்குப் போகவேண்டும். மழைக்கு முன்பே ஒவ்வொரு தெருவின் மரங்களையும் சோதித்துப் பட்டியல் போடுக, காண்டிராக்டர் மூலம் கிளை வெட்டும் தொழிலாளர்களுக்குக் கவசமும் காப்பீடும் உத்தரவாதம் செய்க, மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது வேரை அறுக்காதே என்பவை நம் கோரிக்கைகள்.

வீட்டு வளாகத்தில் நிற்கும் மரத்தின் செலவு நம்முடையது. அங்கே ஒற்றையாகப் பேரம் பேசுவதைவிட, நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் வேலை வையுங்கள். வண்டி ஒன்றே போதும். ஆட்களுக்கு முழு நாள் கூலி கிடைக்கும். கீழே நிற்கவேண்டிய இருவரைக் குறைக்கும் அவசியமும் வராது. செலவு குறைய இதுவே நேர்வழி. அடுத்த வீட்டுக்காரரிடம் நாளைக்கே பேசுங்கள். மழை நமக்காகக் காத்திருக்காது!