கண்கண்ட சாட்சி



கண்ணால் காண்பதும் பொய் என்னும் பழமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பியதும், “நானே என் கண்ணால் பார்த்தேன்” என்று சத்தியம் செய்கிறோம்! பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் பரவாயில்லை. அதே வார்த்தை நீதிமன்றக் கூண்டில் சொல்லப்பட்டால் ஒருவரின் வாழ்க்கையே போய்விடும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு ஊர். 1984 ஜூலை மாதம், ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஓர் ஆடவன் புகுந்து, கத்தி முனையில் அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். தாம்சன் துணிச்சல் மிக்கவர். பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்பியே தீருவது என்ற உறுதியுடன் அவனது முகத்தை உற்றுப் பார்த்து மனத்தில் பதிய வைத்தார். பிறகு தப்பி ஓடினார்.

காவல் துறை ஆறு புகைப்படங்களைக் காட்டியது. சில நிமிடங்கள் யோசித்து, ரோனல்டு காட்டன் என்ற இளைஞரின் படத்தை எடுத்தார். அடுத்து நேரடி அடையாள அணிவகுப்பு. அதிலும் காட்டனையே சுட்டிக்காட்டினார். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று அதிகாரிகள் சொன்னபோது, மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச ஐயமும் தீர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்களிலும் அணிவகுப்பிலும் இடம்பெற்றவர் காட்டன் ஒருவர் மட்டுமே. அப்படியானால் அணிவகுப்பில் தெரிந்த முகமாகத் தோன்றியது அன்றிரவு பார்த்த முகமா, அல்லது படத்தில் பார்த்த முகமா? தாம்சனாலேயே அதைப் பிரித்தறிய முடியாது.

1985இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 50 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. சிறையில் தம் சாயல் கொண்ட பாபி பூல் என்ற கைதியை அவர் சந்தித்தார். உண்மைக் குற்றவாளி இவனே என்று சந்தேகம் எழுந்தது. 1987 மறுவிசாரணையில் பூல் நீதிமன்றத்துக்கே கொண்டுவரப்பட்டான். தாம்சன் அவனைப் பார்த்தார். முன்பின் கண்டதே இல்லை என்றார். 1995இல் நடந்த மரபணுச் சோதனை, குற்றவாளி பூல்தான் என்று காட்டியது. காட்டன் பத்தரை ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் வெளியே வந்தார்.

தாம்சன் பொய் சொன்னாரா? இல்லவே இல்லை. அச்சம் தருவதும் அதுதான். பொய்யரைக் குறுக்கு விசாரணையில் மடக்கிவிடலாம். உளமார நம்பிச் சொல்பவரை எந்த வழக்கறிஞர் மடக்குவார்?

நினைவு என்பது ஒளிநாடா அல்ல. சுழலவிட்டுப் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சுமார் 32 மைல் என்றார்கள். கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது. இதேபோன்ற இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையான நிரபராதிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேரின் வழக்குகளில் தவறான அடையாளம் காட்டலுக்குப் பங்குண்டு. 2007இல் வட கரோலினா சட்டத்தைத் திருத்தியது. சந்தேக நபர் யாரென்று அறியாத அதிகாரியே படங்களைக் காட்ட வேண்டும்; ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்; குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாம்சனும் காட்டனும் 1997இல் சந்தித்து நண்பர்களாகி, 2009இல் சேர்ந்தே ஒரு நூல் வெளியிட்டார்கள். மன்னிக்கும் மனம் காட்டனுக்கு எங்கிருந்து வந்ததோ!

இதெல்லாம் அமெரிக்காவில்தானே என்று எண்ண வேண்டாம். 1976இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்ன்புல் வழக்கில் வகுத்த நெறிகளை மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், வெளிச்சம் எப்படி, இடையில் மறைப்பு இருந்ததா, முன்பே அறிந்த முகமா, காவல் துறையிடம் முதலில் சொன்ன அங்க அடையாளம் பொருந்துகிறதா என்றெல்லாம் நீதிபதி பார்க்க வேண்டும். சாட்சியின் குரலில் எவ்வளவு உறுதி இருந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.