வாங்குறதுலதான் லாபம் இருக்கு

(நமது கூட்டமைப்பின் தையல் குழுக்கள் கூட்டத்தில், களப்பணி ஒருங்கிணைப்பாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொள்முதல் என்றால் நமக்கு நெல்லும் பாலும்தான் ஞாபகம் வரும். ஆனால் சோப்பு, டீத்தூள் விற்கிற பெரிய கம்பெனிகளில் நாடு முழுவதற்கும் சேர்த்து கொள்முதலுக்கென்றே ஒரு தலைவர் இருக்கிறார். எண்ணெய், அட்டைப்பெட்டி, கவர் எல்லாம் யாரிடம், என்ன விலைக்கு, என்ன தரத்தில் வாங்குவது என்பதுதான் அவர் வேலை. "வாங்குறதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய ஆளு?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

ஒரு கணக்குப் போடுவோம். குழந்தைகள் டிரவுசர் 100 உருப்படி, ஒன்று 40 ரூபாய். வரவு 4,000. துணிக்கு 2,400, நூல் எலாஸ்டிக்குக்கு 300, கூலியும் கரண்டும் 900. மிச்சம் 400. இப்போது துணியை மட்டும் நூற்றுக்கு 5 ரூபாய் குறைத்து வாங்கினால் 120 ரூபாய் மீதி. மிச்சம் 520 ஆகிவிட்டது. இதே 120 ரூபாயைத் தைத்து விற்றுச் சம்பாதிக்க வேண்டுமென்றால் இன்னும் 30 டிரவுசர் தைக்க வேண்டும். 30 டிரவுசருக்கு எத்தனை நேரம் முதுகு வலிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

பெண்களே நடத்துகிற ஒரு பெரிய நிறுவனத்தைச் சொல்கிறோம். லிஜ்ஜத் அப்பளம். கடையில் பார்த்திருப்பீர்கள். 1959 மார்ச் 15-ம் தேதி பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டைமாடியில் ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். ஆரம்பத்தில் நல்ல அப்பளம் ஒன்று, விலை குறைந்த சுமார் அப்பளம் ஒன்று என்று இரண்டு ரகம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பரேக் என்ற பெரியவர், ஒரே தரம்தான் போட வேண்டும், கணக்கைச் சரியாக எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாராம். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு சுமார் 45,000 பெண்கள் அதில் உறுப்பினர்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். காலையில் கிளைக்குப் போய் மாவு வாங்கி, வீட்டில் உருட்டி, காயவைத்து, திருப்பிக் கொடுப்பது உறுப்பினர்கள் வேலை. ஆனால் உளுந்தை அவரவர் பக்கத்துக் கடையில் வாங்குவதில்லை. மூலப்பொருளை மத்திய அலுவலகமே மொத்தமாக வாங்கிக் கிளைகளுக்கு அனுப்புகிறது. உளுந்து பர்மாவில் இருந்தும் வரும், மிளகு கேரளாவில் இருந்து வரும், பெருங்காயம் ஆப்கானிஸ்தானில் இருந்து வரும். அதனால்தான் எந்த ஊரில் பொரித்தாலும் ஒரே ருசி.

நாம் என்ன செய்கிறோம்? ஒரே வாரத்தில் நம் குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக பஸ் ஏறி காதர்பேட்டை போகின்றன. தனித்தனி பேரம், தனித்தனி ஆட்டோ வாடகை. 20 கிலோ கேட்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

விலை மட்டும் இல்லை. பனியன் துணியைக் கிலோவில் வாங்குகிறோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். 160 ஜி.எஸ்.எம். என்று கணக்குப் போட்டுவிட்டு, கையில் கனமாக இருக்கிறதே என்று 180 வாங்கி வந்தால், 100 டிரவுசர் வரவேண்டிய இடத்தில் 88 சொச்சம்தான் வரும். நல்ல துணிதான், ஆனால் நட்டம். அதேபோல சுருக்கம். துணியில் 50 சென்டிமீட்டருக்கு கோடு போட்டு, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். இதற்கு மெஷின் வேண்டாம், இஞ்ச் டேப் போதும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். நம் குழு ஒன்றில், பழக்கம் உள்ளவர் என்று ஒரு அக்காவையே துணி வாங்க அனுப்பி வந்தோம். அவரே விலை பேசுவார், அவரே சுமந்து வருவார், அவரே பணம் கொடுப்பார். ஒரு தடவை 80 கிலோ மூட்டை. மேலே நல்ல துணி, அடியில் ஈரம், எண்ணெய்க் கறை. காயவைத்து நிறுத்தால் 71 கிலோ. பில்லும் இல்லை, துண்டுச் சீட்டுதான். குழுவில் பேச்சு வந்துவிட்டது. அந்த அக்கா இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. அவர் ஒரு ரூபாய் கூட எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இல்லையே. தப்பு அவருடையது இல்லை. மூன்று வேலையை ஒரே தலையில் வைத்தது நாங்கள்தான்.

பெரிய கம்பெனிகளில் இதைத்தான் முதலில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆர்டர் போடுகிறவர் வேறு, சரக்கை எண்ணி நிறுத்து இறக்குகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு. ஆர்டர், இறக்கிய சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம். இது சந்தேகத்தினால் இல்லீங்க. நேர்மையான ஆளைக் காப்பாற்றுவதே இந்த மூன்று தாள்தான். இன்னொன்று, முக்கியமான சரக்குக்கு ஒரே வியாபாரியை நம்பி இருக்க மாட்டார்கள். 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலை ஏற்றத்தை எதிர்த்து திருப்பூரில் பனியன் கம்பெனிகளை மூடியதே, ஞாபகம் இருக்கிறதா? முதலாளிகளுக்கே அந்தப் பாடு என்றால், ஒரே கடையை நம்பும் நமக்கு?

அதனால் அடுத்த மாதத்தில் இருந்து தையல் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தடவையாகத் துணி எடுப்பது என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்க இரண்டு பேர், இறக்கும்போது நிறுக்க வேறு இரண்டு பேர். ஒரே ஆள் இரண்டிலும் இருக்கக்கூடாது. பணம் பொருளாளர் கையால், வங்கி மூலமாக மட்டும். அந்த அக்காவைக் கேட்டோம், விலை கேட்கப் போகிறவர்களில் ஒருவராக வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட ஒருத்தர் வந்தால் போகிறேன் என்றார்.

வரும்போது உங்கள் குழுவின் கடைசி மூன்று மாதத் துணி பில்களை எடுத்து வாருங்கள். துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே துணிக்கு யார் யார் என்ன விலை கொடுத்தோம் என்று போர்டில் எழுதிப் பார்ப்போம்.