ஐந்து முறை சரி, ஆறாம் முறை?



ஓர் எண்ணைப்பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். அவ்வெண் 4,294,967,297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகின்றது. ஆயினும் அதன் பிறப்பு எளியது. 2ஐ 32 முறை எழுதித் தம்முள் பெருக்கி, 1ஐக் கூட்டினால் அது வந்துவிடும்.

பிரான்சு தேசத்திலே பெர்மா என்றொரு நீதித்துறையாளர் இருந்தார். கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பம். 2இன் சுட்டியாக 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை வைத்து, வந்ததோடு 1ஐக் கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைத்தன. ஐந்தும் முதன்மை எண்கள். அதாவது 1ஆலும் தம்மாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. எனவே இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்களே எனத் தாம் நம்புவதாக 1640இல் கடிதமொன்றில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அவ்வரிசையில் ஆறாவதாக நிற்பதே நமது எண்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன. 1732இல் ஒயிலர் என்னும் சுவிற்சலாந்து இளைஞர் அதனைச் சோதித்தார். 641ஐ 6,700,417ஆல் பெருக்கினால் அதே எண் வருவதைக் காட்டினார். முதன்மை எண் என்ற எண்ணம் அன்றே சாய்ந்தது!

இதை எப்படித் தேடுவது? முறைப்படி சோதிப்பதாயின் 65,536க்கு உட்பட்ட 6,542 முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்கவேண்டும். ஆனால் இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவே இருக்கவேண்டும் என்று ஒயிலர் பின்னர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகின்றது! வகுத்துப் பார்க்கும் உழைப்பை ஐந்து தடவையாகச் சுருக்கியது சிந்தனையே.

இன்று கணினிகளின் துணையோடு, இவ்வரிசையில் ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரையுள்ளவற்றில் ஒன்றேனும் முதன்மை எண் அன்று என்பது தெளிவாகியுள்ளது. பெர்மா கண்ட ஐந்தோடு சரி. எனினும் அவர் உழைப்பு வீணாகவில்லை. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணியை வரைகோலும் கவராயமும் மட்டுங்கொண்டு அமைக்கலாம் என 1796இல் ஜேர்மனியரான கௌஸ் கண்டார். அந்தப் பதினேழும் பெர்மாவின் வரிசையில் உள்ளதே.

இளந்தோழர்களே, ஐந்து முறை சரியானது ஆறாம் முறையும் சரியாகும் என்று எண்ணுவது மனித இயல்பு. பள்ளிக்கூடக் கொப்பியில் நாமும் அப்படி எழுதியதுண்டு. பெரியோர் சொல்லைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. அச்சொல்லைப் பொருட்படுத்தியவனே அதனைச் சோதிப்பான். பெரியோர்களே, "நிறுவல் எம்மிடம் இல்லை" என்று பெர்மா சொன்னதுபோல நாமும் சொல்லப் பழகினால், நமக்குப்பின் வருபவர் தாமே தேடத் துணிவர்.