சாணை மிஷின் ஏன் சுற்றவில்லை?



பெங்களூரில் சிவாஜி நகர். அங்கே ரஸ்ஸல் மார்க்கெட். அதைச் சுற்றிக் கறிக்கடைகள், தையல் கடைகள். கறிக்கடைக்காரருக்குக் கத்தி கூராக இருக்க வேண்டும். தையற்காரருக்குக் கத்தரி கூராக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு சாணைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அவருடைய அப்பா காலால் மிதித்துச் சாணைக்கல்லைச் சுற்றியவர். மகன் கரண்டில் ஓடும் சின்ன மிஷின் வாங்கிவிட்டார். மேஜைமேல் வைக்கிற மிஷின். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் இரண்டு கல்.

ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டார். கல் சுற்றவில்லை. 'உர்ர்...' என்று சத்தம் மட்டும் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மோட்டார் போச்சு. காயில் கட்டணும். இல்லேன்னா காயலான் கடைக்குத்தான்" என்றார்.

சாணைக்காரருக்கு வயிற்றைக் கலக்கியது. காயில் கட்டப் பணம் வேண்டும். இரண்டு மூன்று நாள் தொழிலும் நின்றுபோகும்.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா? அவசரப்படக் கூடாது. சத்தம் வருகிறது என்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகிறது என்று அர்த்தம். காயில் முழுவதும் அறுந்திருந்தால் சத்தமே வராது. இந்த மாதிரி மிஷினில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரு சின்னச் சாமான். அதன் பெயர் கண்டன்சர். கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். புத்தகத்தில் மின்தேக்கி என்று போட்டிருக்கும். விரல் நீளத்தில் ஒரு டப்பா. அதிலிருந்து இரண்டு ஒயர். மோட்டாருக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு மூடிக்குள் இருக்கும்.

அந்த டப்பாவுக்கு என்ன வேலை? அப்பாவின் பழைய மிதி சாணையை நினைத்துப் பாருங்கள். கால் மேலும் கீழும்தான் போகும். சக்கரமோ சுற்ற வேண்டும். மிதிக்கட்டை உச்சியில் நின்றுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. கையால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். பிறகு அது தானே ஓடும்.

வீட்டுக்கு வரும் கரண்டும் அந்தக் கால் மாதிரிதான். ஒரு நொடியில் 50 தடவை இப்படியும் அப்படியும் போய் வருகிறது. அதனால் தள்ளவும் இழுக்கவும் முடியும், சுற்றிவிட முடியாது. ஆகவே மோட்டாருக்குள் இரண்டு காயில் வைக்கிறார்கள். ஒன்று நேராகக் கரண்டில் சேரும். இன்னொன்று கண்டன்சர் வழியாகச் சேரும். கண்டன்சர் கரண்டின் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. இரண்டு காயிலும் ஒரே சமயத்தில் தள்ளாமல் ஒன்று மாற்றி ஒன்று தள்ளுகின்றன, சைக்கிள் பெடலை இரண்டு காலும் மாறி மாறி மிதிப்பது போல. மோட்டார் சுற்றத் தொடங்குகிறது. கண்டன்சர் போய்விட்டால் அந்த இரண்டாவது கால் இல்லை. மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும்.

உறுமும்போது சுவிட்சை உடனே நிறுத்த வேண்டும். நின்றுபோன மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். காயில் சூடாகிப் புகை வரும். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்! சிலர் ஓடாத கல்லைக் கையால் தள்ளிவிட்டு ஓட்டுகிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் திடீரென்று வேகம் எடுக்கும்போது விரல் போய்விடும்.

கை டிரில் மிஷினுக்கு இது பொருந்தாது. அதற்குள் இருப்பது வேறு வகை மோட்டார். அதில் தேய்வது கார்பன்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கல்லைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் சரி. இறுக்கமாக இருந்தால் கோளாறு பேரிங்கில். அப்போது கண்டன்சர் மாற்றிப் பயன் இல்லை.

கல் லேசாகச் சுற்றுகிறது. இப்போது மூடியைக் கழற்றலாம். ஆனால் டப்பாவின் ஒயரைத் தொடக் கூடாது. ஏன்? கண்டன்சர் கரண்டைத் தேக்கி வைக்கிற சாமான். குளத்துக்கு வரும் வாய்க்காலை அடைத்தாலும் குளத்தில் தண்ணீர் இருக்கும் அல்லவா? அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். தொட்டால் பலமாக அடிக்கும். "கரண்டே இல்லையே, என்ன பயம்" என்று தொட்டவர்கள்தான் அடி வாங்குகிறார்கள்.

தங்கிய கரண்டை வெளியேற்ற வழி உண்டு. பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயர் முனைகளைக் கண்டன்சரின் இரண்டு முனைகளிலும் சில நொடி வைக்க வேண்டும். பிடிக்கும் இடத்தில் ஒயருக்கு உறை இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை வைப்பது நல்லது. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஸ்குரூ டிரைவரை வைத்து 'டப்' என்று பொறி பறக்கவிடுவது பல மெக்கானிக்குகளின் பழக்கம். அது கெட்ட பழக்கம். பொறி கண்ணில் படலாம்.

இப்போது டப்பாவைப் பார்க்கலாம். வீங்கியிருக்கிறதா? வெடித்திருக்கிறதா? எண்ணெய் கசிந்திருக்கிறதா? கசிந்திருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தும் கெட்டுப்போனவை உண்டு. அதை மீட்டரில்தான் பார்க்க முடியும்.

டப்பாவின்மேல் உள்ள எழுத்தைப் படிப்பதுதான் முக்கியமான வேலை. ஓர் எண் இருக்கும். 4, 8, 10 என்று ஏதாவது ஒன்று. அதன் பக்கத்தில் வால் முளைத்த 'யு' போல ஓர் எழுத்தும், 'எஃப்' என்ற எழுத்தும் இருக்கும். அதை மைக்ரோ ஃபாரடு என்று படிக்க வேண்டும். எவ்வளவு கரண்டைத் தேக்கும் என்பதற்கு அது அளவு. அடுத்து 440 வோல்ட் என்று இருக்கும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கு அது அளவு. 40/85/21 என்றும் சிலவற்றில் காணலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரும், 85 டிகிரி சூடும் தாங்கும், ஈரப்பதத்தில் 21 நாள் வைத்துச் சோதிக்கும் வகை என்று பொருள்.

ஃபாரடு என்ற சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே. 1791-இல் பிறந்தவர். கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு மிகக் கொஞ்சம். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு ஆண்டு வேலை கற்றார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். இந்தச் சாணை மோட்டார் ஓடுவதற்கு அடிப்படையான உண்மையை 1831-இல் கண்டுபிடித்தவர் அவரே.

சாணைக்காரர் பழைய டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கே.ஆர். மார்க்கெட் பஸ் ஏறுகிறார். பக்கத்தில்தான் எஸ்.பி. ரோடு. மின்சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு. இந்த ஊருக்குக் கரண்ட் வந்தது 1905-இல். சிவசமுத்திரத்தில் காவிரி நீர் விழும் வேகத்தில் எடுத்த கரண்ட் அது. மூன்று ஆண்டு முன்பே, 1902-இல், அது கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் தமிழர் ஏராளம்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கன்னடம், அடுத்த கடையில் உருது, இன்னொரு கடையில் இந்தி. பாஷை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். டப்பாவில் உள்ள எண் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் காட்டினால் போதும்.

"இந்த நம்பர் இல்லே, இதைப் போட்டுக்குங்க, ஓடும்" என்று கடைக்காரர் வேறு ஒன்றை நீட்டலாம். வாங்கக் கூடாது. மைக்ரோ ஃபாரடு எண் பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். வோல்ட் எண் அதே அளவாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். குறையக் கூடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மோட்டாரைக் கிளப்பிவிட்டு விலகிக்கொள்ளும் கண்டன்சர் வேறு. ஓடும்போதும் கூடவே இருக்கும் கண்டன்சர் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் வெடிக்கலாம். பழையது எந்த வகையோ அதே வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ். 2993 என்று அச்சிட்டிருந்தால், அது மோட்டார் கண்டன்சருக்கான இந்தியத் தர எண். விலை, காயில் கட்டும் கூலியில் ஒரு சின்னப் பங்குதான்.

மாட்டுவது சுலபம். ஒரு டப்பா, இரண்டு ஒயர் என்றால் எந்த ஒயர் எந்த முனைக்கு என்ற கவலை இல்லை. ஆனால் பழைய ஒயர்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே சேர வேண்டும். இணைப்பில் செம்பு வெளியே தெரியக் கூடாது. டேப் சுற்றி, டப்பாவை அதன் இடத்தில் இறுக்கி, மூடியை மாட்ட வேண்டும்.

சாணைக்காரர் மூடியின் உள்பக்கத்தில் தேதியையும் கண்டன்சர் எண்ணையும் பென்சிலால் எழுதி வைக்கிறார். பிறகு பிளக்கைச் சொருகுகிறார். கல்லுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுகிறார். கல் சுற்றுகிறது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, வரிசையில் காத்திருந்த கறிக்கடைக் கத்தியை எடுக்கிறார்.